காமன், இன் காமன், காமன்ஸ்: எத எங்க போடணும், எப்படி சொல்லணும்

எங்க ஃப்ளாட்ல போன மாசம் மாடிப்படி சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. இங்கிலீஷ்ல ஒரே வரி, "நோ ஷூ ரேக் இன் காமன்". செக்ரெட்டரி சார் என்ன சொல்ல வந்தார்னு எல்லாருக்கும் புரியும், காமன் ஏரியால செருப்பு ஸ்டாண்ட் வைக்காதீங்க, நடக்க வழி இல்ல, அவ்ளோதான். ஆனா மூணாவது மாடில காலேஜ் போற பொண்ணு அத படிச்சிட்டு எங்கிட்ட வந்து, "அக்கா, இன் காமன்னா ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கறதுதானே, அப்ப இந்த நோட்டீஸ்படி ரெண்டு வீடு சேந்து ஒரு ஸ்டாண்ட் வச்சாதான் தப்பு, அவங்கவங்க தனித்தனியா வச்சுக்கலாம்னு ஆகுதே"ன்னு கேட்டா. நான் திரும்ப ஒரு தடவ படிச்சு பாத்தேன், அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஏரியாங்கற ஒரு வார்த்தைய விட்டதுல அர்த்தம் அப்படியே தலகீழா போயிடுச்சு.

சாயங்காலம் வீட்ல நாலஞ்சு பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த ஒரு வார்த்தைல சறுக்காதவங்கள நான் பாத்ததே இல்ல, அதுக்கு காரணம் இங்கிலீஷ் தெரியாதது இல்ல, இந்த வார்த்தை நமக்கு ரொம்ப நல்லா தெரியும்ங்கறதுதான். காமன் பாத்ரூம், காமன் மோட்டர், காமன் செவுரு, காமன் ஃப்ரெண்டு, காமனா சொன்னேன், இப்படி பொழுதன்னைக்கும் வாய்ல வருது, பால்காரர்ல இருந்து பாட்டி வரைக்கும் சொல்றாங்க. நம்ம வாய்ல அது ஒரு வேலை பண்ணுது, இங்கிலீஷ்ல அது வேற வேலையும் பண்ணுது, ரெண்டையும் கலக்கும்போதுதான் மாட்டிக்கறோம். அதனால ஒரு தடவ முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

டைப் பண்றவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், தமிழ் எழுத்துல காமன்னு தனியா போட்டா படிக்கறவங்களுக்கு மன்மதன்தான் முதல்ல ஞாபகம் வருவான், கிராமத்துல காமன் பண்டிகைன்னே ஒண்ணு இருக்கு. அதனால பின்னாடி இன்னொரு வார்த்தை சேத்து எழுதுங்க, காமன் ஏரியா, காமன் மீட்டர்னு.

வார்த்தையோட வேர்ல இருந்து ஆரம்பிக்கலாம்

லத்தீன்ல கம்யூனிஸ்னு ஒரு வார்த்தை, அதுலேர்ந்துதான் காமன் வருது. அதுல கம்னா சேந்து, மீதி பாதி இருக்கே அது மூனுஸ்ங்கற சொல்லோட சொந்தம், மூனுஸ்னா கடமை, ஒருத்தர் ஊருக்காக செய்ய வேண்டிய வேலை. நம்ம முனிசிபாலிட்டி கூட அதே குடும்பம்தான். கம்யூனிட்டி, கம்யூனிசம் எல்லாமும் அங்கதான் போய் சேரும், கம்யூனிசத்துக்கு தமிழ்ல பொதுவுடைமைன்னு வச்சது எவ்வளவு பொருத்தம்னு பாருங்க, அந்த பொதுவுடைமைய நம்ம ஊர்ல பேசின சிங்காரவேலர் 1923-ல மே தினத்த கொண்டாடினது மெட்ராஸ் கடற்கரையில, அதாவது ஊருக்கே பொதுவான மணல்ல.

நான் பசங்களுக்கு சொல்றது என்னன்னா, காமன்னு ஒண்ண சொன்னா அதுல எனக்கும் உரிமை இருக்கு, எனக்கும் வேலை இருக்கு, ரெண்டும் ஒரே வார்த்தைக்குள்ள கட்டி வச்சிருக்கு. நாம உரிமைய மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு வேலைய மறந்துட்டோம், காமன் படிக்கட்டுன்னா யாரோ பெருக்குவாங்கன்னு அர்த்தம் ஆயிடுச்சு. 

கணக்கு பாடத்துல மீ.பொ.வ., மீ.பொ.ம. படிச்சது ஞாபகம் இருக்கா, மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு. அந்த நடுவுல இருக்கற பொ தான் காமன். 12-யும் 18-யும் எடுத்தா 6 ரெண்டையும் வகுக்குது. அந்த 6 பன்னெண்டுக்கு சொந்தமும் இல்ல, பதினெட்டுக்கு சொந்தமும் இல்ல, ரெண்டுலயும் முழுசா இருக்கு, அத பாதி பாதியா பிரிச்சு குடுக்க முடியாது. காமன்ங்கற வார்த்தைய மனசுல வச்சுக்க இத விட நல்ல படம் எனக்கு கெடைக்கல.

பிரிச்சாச்சா, பிரிக்கலையா

ஷேருக்கும் காமனுக்கும் வித்தியாசம் கேட்டா நெறைய பேர் ரெண்டும் ஒண்ணுதானேம்பாங்க. இல்லவே இல்ல. வேளச்சேரில இருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோல போறீங்க, வண்டி ஒண்ணு, ஆனா உங்க சீட்டு உங்களுக்கு, உங்க காசு உங்களோடது, எறங்கினதும் கணக்கு முடிஞ்சது. அதாவது பிரிச்சாச்சு. அத ஏன் யாரும் காமன் ஆட்டோன்னு சொல்றதில்லன்னா காது தானாவே கண்டுபிடிச்சிடுது, அங்க பிரிக்காம மிச்சம் இருக்கறது எதுவும் இல்ல. மாடிப்படிய அப்படி பிரிக்க முடியாது, முதல் ஆறு படி உங்களுக்கு அடுத்த ஆறு எனக்குன்னு சொன்னா ரெண்டு பேருமே மாடிக்கு போக முடியாது.

ரெண்டும் ஒரே இடத்துல சந்திக்கறது ஒண்ணு இருக்கு, ஃப்ளாட் வாங்கினவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச யூடிஎஸ். அன்டிவைடட் ஷேர், பத்திரத்துல பிரிபடாத பாகம்னு எழுதுவாங்க. பாகம்னு சொல்லும்போதே பிரிபடாததுன்னும் சொல்றாங்களேன்னு குழப்பமா இருக்கும், ஆனா பொறுமையா பாத்தா அழகா புரியும். ஒரு கிரவுண்ட் நிலம், அதாவது 2400 சதுர அடி, அதுல மொத்தம் 4800 சதுர அடி கட்டியிருக்காங்க, உங்க ஃப்ளாட் 800 சதுர அடின்னா, 2400-ஐ 800-ஆல பெருக்கி 4800-ஆல வகுங்க, 400 சதுர அடி வரும். அது உங்க யூடிஎஸ். அந்த 400 சதுர அடி எங்க இருக்குன்னு பில்டிங்க சுத்தி வந்து தேடினா கெடைக்காது, கார் பார்க்கிங் கீழயும் இருக்கு, சம்புக்கு கீழயும் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கிச்சன் இருக்கற இடத்துக்கு கீழ கூட இருக்கு. அளவுல ஷேர், இடத்துல காமன். தமிழ்நாட்டுல 1994-ல வந்த அடுக்குமாடி சட்டம் காமன் ஏரியாவையும் இந்த பாகத்தையும் ஃப்ளாட்டோடயே சேத்து கட்டி வச்சதுக்கு காரணமும் இதுதான், வீட்ட வித்தா அதுவும் கூடவே போகும், அத மட்டும் பிச்சு தனியா விக்க முடியாது.

அதனால முதல் கேள்வி இதுதான். இந்த பொருள பிரிச்சாச்சா? பிரிச்சாச்சுன்னா ஷேர், ஸ்ப்ளிட், இப்படி ஏதாவது சொல்லுங்க. ஹோட்டல் பில்ல "லெட் அஸ் ஷேர் தி பில்"னு சொல்லலாம், "காமன் பில்"னு சொன்னா எல்லாத்தையும் ஒரே பில்லா போடுங்கன்னு அர்த்தம், சர்வர் அப்படித்தான் எடுத்துப்பார், அவர் எடுத்துக்கறதுதான் சரி.

யார் யார் உள்ள

நான் பொறந்து வளந்தது திருவல்லிக்கேணில ஒரு ஸ்டோர் வீட்ல. நீளமா ஒரு நடை, ரெண்டு பக்கமும் போர்ஷன், எட்டு குடித்தனம், கடைசில ஒரு கெணறு, அடிபம்பு, ரெண்டு கக்கூஸ். அந்த கக்கூஸ காமன் பாத்ரூம்னுதான் சொல்வோம். தெருமுனைல கார்ப்பரேஷன் கட்டினது ஒண்ணு இருந்தது, அது பப்ளிக் டாய்லெட். சின்ன வயசுல எனக்கு அது ஒரு பெரிய வித்தியாசமா தெரியல, ரெண்டுமே வரிசைல நிக்கணும், ரெண்டுலயும் வாளில தண்ணி கொண்டு போகணும். ஆனா தெருவுல போற ஒருத்தர் உள்ள வந்து எங்க கக்கூஸ யூஸ் பண்ணா எங்க பாட்டி சண்டைக்கு போவாங்க, தெருமுனைல இருந்ததுக்கு யாரு வந்தாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

வித்தியாசம் அங்கதான் இருக்கு. பப்ளிக்னா யாரா இருந்தாலும் வரலாம், காமன்னா ஒரு கணக்குக்குள்ள இருக்கறவங்க மட்டும், எட்டு குடித்தனம்னா அந்த எட்டு. யார் என்னைக்கு கழுவணும்னு எங்க ஸ்டோர்ல முறை இருந்தது, முறை யாரோடதுன்னு தெரிய ஒரு தொடப்பத்த அந்தந்த வீட்டு வாசப்படிக்கு பக்கத்துல சாத்தி வைப்பாங்க, மறுநாள் அது பக்கத்து போர்ஷனுக்கு நகரும். எழுதி வச்ச ரூல் ஒண்ணும் கெடையாது, தொடப்பம் நம்ம வாசல்ல இருந்தா நம்ம முறை, அவ்ளோதான். முறை தவறினா கூப்ட்டு கேக்க ஆள் இருந்தது. ஒரு பேப்பர்ல காமன்னு போடணுமா பப்ளிக்னு போடணுமான்னு சந்தேகம் வந்தா நான் இப்பவும் அந்த தொடப்பத்ததான் நெனச்சுப்பேன். முறைக்கு ஆள் லிஸ்ட் போட முடியுமா? முடியும்னா காமன். மெரினாவுக்கு லிஸ்ட் போட முடியாது, அது பப்ளிக் பீச்.

மியூச்சுவல், ஜாயின்ட் ரெண்டையும் சட்டுன்னு சொல்லிடறேன். மியூச்சுவல்னா ஒருத்தருக்கொருத்தர், நான் உங்கள மதிக்கறேன் நீங்க என்ன மதிக்கறீங்க, அது மியூச்சுவல் ரெஸ்பெக்ட். காமன் ஃப்ரெண்டுன்னு நாம சொல்றத மத்த நாட்டுக்காரங்க அதிகமா மியூச்சுவல் ஃப்ரெண்டும்பாங்க, ரெண்டும் புரியும், தப்பு இல்ல. ஜாயின்ட்னா பேர் போட்டு சேத்தது, பேங்க்ல ஜாயின்ட் அக்கவுண்ட், தாலுகா ஆபீஸ்ல கூட்டுப் பட்டா. ரெண்டு வீட்டுக்கு நடுவுல நிக்கற காமன் செவுர இங்கிலீஷ்காரங்க பார்ட்டி வால்னு சொல்றாங்க, நம்ம பத்திரத்துல பொதுச்சுவர்னே எழுதுங்க, அதுல குழப்பமே வராது.

இன் காமன், அதுதான் ரொம்ப சறுக்கற எடம்

இங்கிலீஷ்ல நௌனா இந்த வார்த்தைய அதிகமா யூஸ் பண்றது இப்படித்தான், "வீ ஹேவ் எ லாட் இன் காமன்". நமக்குள்ள ஒத்துப்போற விஷயம் நெறைய இருக்குன்னு அர்த்தம். இதுல மூணு துண்டு இருக்கு, ஹேவ், அப்புறம் எவ்வளவுங்கறது, அப்புறம் இன் காமன். நடு துண்டுல என்ன வேணா போடலாம், நத்திங், சம்திங், ஒன் திங், மச். கடைசில ஆள சொல்லணும்னா வித் வரும், "ஐ ஹேவ் நத்திங் இன் காமன் வித் மை பிரதர்". பசங்க எழுதறது எப்படின்னா, "வீ ஹேவ் காமன்"னு நிறுத்திடுவாங்க, இல்ல "வீ ஆர் காமன்"னு எழுதுவாங்க. முதல்து பாதில நிக்குது, ரெண்டாவதுக்கு நாங்க சாதாரணமானவங்கன்னு அர்த்தம் ஆயிடும். ஒரு பையன் இன்டர்வியூக்கு ப்ராக்டிஸ் பண்ணும்போது தன்னோட டீம் லீடர பத்தி ரொம்ப பாசமா "ஹி இஸ் எ வெரி காமன் பர்சன்"னு சொன்னான். எல்லார்கிட்டயும் சகஜமா பழகுவார்னு சொல்ல வந்தான். இங்கிலாந்து பக்கத்து ஆள் யாராவது கேட்டா அது திட்டு, நாகரிகம் தெரியாதவர்ங்கற அர்த்தம். அங்க சிம்பிள், இல்ல ஃப்ரெண்ட்லின்னு சொன்னா போதும்.

இன்னொண்ண கொஞ்சம் நின்னு பாக்கணும், நம்ம "காமனா". இத யாரும் கவனிக்கறதில்ல, ஆனா இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு இருக்கு. "இந்த பக்கம் காமனா மழைக்காலத்துல தண்ணி நிக்கும்"னா வழக்கமா. "மோட்டர் ரெண்டு வீட்டுக்கும் காமனா இருக்கு"ன்னா சேந்து. "நான் காமனா சொன்னேன், உங்கள சொல்லல"ன்னா யாரையும் குறிப்பிடாம. நமக்கு மூணும் ஒண்ணா கேக்கறதுக்கு காரணம் தமிழ்ல பொதுங்கற வார்த்தையும் அப்படித்தான் இருக்கு, பொதுவா சொன்னேன், பொதுவா நடக்கும், பொதுவான கெணறு. இங்கிலீஷ்க்கு போகும்போது மட்டும் மூணா பிரியணும். வழக்கமான்னா யூஷுவலி, இல்ல காமன்லி. சேந்துன்னா காமன் மோட்டர், ஷேர்ட் மோட்டர். யாரையும் குறிப்பிடாமன்னா இன் ஜெனரல். அசோசியேஷன் மீட்டிங்ல ஒருத்தர் எந்திரிச்சு "ஐ ஆம் டெல்லிங் காமன்லி"ன்னு சொல்றப்ப அவர் மனசுல இருக்கறது இன் ஜெனரல், வாயில வந்தது அடிக்கடி சொல்றேன்ங்கறது. வாட்ஸப் க்ரூப்ல இது பெரிய சண்டையா கூட போயிருக்கு, எங்க க்ரூப்லயே.

காமன் கோல்ட்னா எல்லாரும் சேந்து பிடிச்ச சளி இல்ல, அடிக்கடி வர்ற சாதாரண சளி. காமன் மிஸ்டேக்னா அடிக்கடி பண்ற தப்பு. இந்த அடிக்கடிங்கற அர்த்தம் வர்ற எடத்துல இன் காமன் போடவே கூடாது, "திஸ் மிஸ்டேக் இஸ் காமன்"னு எழுதினா போதும்.

காமனாலிட்டின்னு ஒரு பெரிய வார்த்தைய ஓஎம்ஆர் பக்கம் ஐடி ஆபீஸ்ல அடிக்கடி கேக்கலாம். ரெண்டு கம்ப்ளெயின்ட்லயும் ஒரே மாதிரி என்ன இருக்குன்னு தேடறப்ப, "வாட் இஸ் தி காமனாலிட்டி"ம்பாங்க. தப்பு இல்ல, ரிப்போர்ட்ல எழுத நல்லாத்தான் இருக்கும், ப்ளூரல்ல காமனாலிட்டீஸ்னு வரும். பேச்சுல "வாட் டு தே ஹேவ் இன் காமன்"னு கேட்டா எதிர்ல இருக்கறவருக்கு சட்டுன்னு புரியும், நான் அத தான் சொல்லித் தர்றேன்.

காமன்ஸ், அந்த எஸ் சேந்தா வேற உலகம்

இங்கிலாந்துல ஊருக்கு நடுவுல, இல்ல ஊர் ஓரத்துல, அந்த ஊர்க்காரங்க மாடு ஆடு மேய்க்க, சுள்ளி பொறுக்க உரிமை இருந்த நிலத்துக்கு காமன்னு பேர். லண்டன்ல இன்னைக்கும் கிளாப்பம் காமன், விம்பிள்டன் காமன்னு எடங்கள் இருக்கு, இப்ப பார்க்கு மாதிரி நடக்கறாங்க வெளையாடறாங்க. இத படிக்கும்போது ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு தோணுச்சுன்னா, சென்னை மந்தைவெளில போய் நின்னு அந்த பேர ஒரு தடவ மெதுவா சொல்லிப் பாருங்க. மந்தை, வெளி. மயிலாப்பூர் மாடுங்க மேஞ்ச வெளி. விம்பிள்டன் காமனுக்கு என்ன அர்த்தமோ அதேதான், நமக்கு பேர் மட்டும் மிஞ்சியிருக்கு.

ஹவுஸ் ஆஃப் காமன்ஸ்ங்கறது பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட கீழ் சபை, 650 பேர். அங்க காமன்ஸ்னா சாதாரண ஜனங்கன்னு மட்டும் எடுத்துக்காதீங்க, ஊர் ஊரா இருக்கற சமூகங்கள்ங்கற பழைய ஃப்ரெஞ்சு சொல்லுலேர்ந்து வந்தது. காமன்வெல்த்ல இருக்கற வெல்த்தும் பணம் இல்ல, பழைய இங்கிலீஷ்ல அதுக்கு நல்வாழ்வுன்னு அர்த்தம். அமெரிக்காவுக்கு படிக்க போற பசங்க கவனிக்க வேண்டியது, அங்க நெறைய காலேஜ்ல சாப்பாட்டு ஹாலுக்கும் காமன்ஸ்னு பேர். கிராமர்ல இஸ் வருமா ஆர் வருமான்னு கேப்பாங்க, "தி காமன்ஸ் இஸ்"னும் எழுதறாங்க "ஆர்"னும் எழுதறாங்க, பொதுவளம்ங்கற அர்த்தத்துல "எ காமன்ஸ்"னு ஒருமையா எழுதறது இப்ப சகஜம், எஸ் இருக்கேன்னு பயப்படாதீங்க.

பேப்பர் படிக்கறவங்க, டிஎன்பிஎஸ்சி யுபிஎஸ்சி படிக்கறவங்க கண்டிப்பா சந்திக்கறது ட்ராஜெடி ஆஃப் தி காமன்ஸ். 1968-ல காரெட் ஹார்டின்னு ஒரு உயிரியல்காரர் சயின்ஸ் பத்திரிகைல எழுதின கட்டுரை. எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்துல ஒருத்தர் ஒரு மாட்ட கூட விட்டா லாபம் முழுசா அவருக்கு, புல்லு கொறையற நஷ்டம் எல்லார் தலையிலயும், அதனால ஒவ்வொருத்தரும் ஒரு மாடு ஒரு மாடுன்னு கூட்டிக்கிட்டே போக கடைசில நிலமே பாழாப் போகும்ங்கறார். படிச்சா சென்னை போர் தண்ணி அப்படியே கண்ணு முன்னாடி வருது. பக்கத்து பில்டிங்ல 200 அடி போட்டா நாம 300 அடி போடறோம், பூமிக்கு கீழ இருக்கறது ஒரே தண்ணி, கடலோரமா இருக்கற ஏரியாவா இருந்தா ரொம்ப உறிஞ்சினதும் உப்புத் தண்ணி உள்ள வந்துடுது. 2019 வெயில்ல செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு கெடந்து, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப எங்க பில்டிங்ல லாரி தண்ணிய வீட்டுக்கு எத்தன குடம்னு எண்ணி பிடிச்சோம்.

ஆனா இந்த சொற்றொடர சொல்றவங்க பாதிலயே நிறுத்திடறாங்க, அதுதான் எனக்கு ஆதங்கம். பொதுன்னாலே நாசம்தான், தனியார்கிட்ட குடு, இல்ல அரசாங்கம் எடுத்துக்கட்டும்னு முடிச்சிடறாங்க. எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலம், ஜப்பான் ஊர்க் காடு, ஸ்பெயின் வாய்க்கால் பாசனம்னு எடுத்துக்கிட்டு, நூத்துக்கணக்கான வருஷமா ஜனங்களே சேந்து ரூல் போட்டு பொது வளத்த அழியாம காப்பாத்தியிருக்காங்கன்னு காட்டினாங்க. 2009-ல பொருளாதார நோபல், அந்த பரிசு வாங்கின முதல் பெண் அவங்கதான். ஹார்டினே பின்னாடி, நான் சொன்னது கவனிக்க ஆள் இல்லாத காமன்ஸ பத்தின்னு திருத்திக்கிட்டார். யாருக்கு உரிமை இருக்குன்னு தெளிவா இருக்கணும், ரூல் அந்த எடத்துக்கு பொருந்தணும், மீறினா கேக்க ஆள் இருக்கணும், ஆஸ்ட்ரம் சொன்னதுல முக்கியமானது இவ்வளவுதான். படிச்சப்ப எனக்கு எங்க ஸ்டோர் தொடப்பம்தான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம பக்கத்துலயே இருக்கு, பழவேற்காடு ஏரில பாடுன்னு ஒரு முறை. இறால் நல்லா படற எடங்கள எந்த ஊர்க்காரர் என்னைக்கு வலை போடணும்னு முறை வச்சு மாத்தி மாத்தி விடறது, மீனவ ஊர்களே நடத்தறது. அத இங்கிலீஷ்ல ஒருத்தருக்கு விளக்கணும்னா "பழவேற்காடு லேக் இஸ் எ காமன்ஸ், அண்ட் தி பாடு சிஸ்டம் கவர்ன்ஸ் இட்"னு சொல்லலாம், வார்த்தை கச்சிதமா உக்காரும்.

இதே காமன்ஸ்க்கு தமிழ்ல என்ன சொல்றதுன்னு கேட்டா நெறைய பேர் தயங்கறாங்க, ஏன்னா ரொம்ப பொருத்தமான பழைய வார்த்தை புறம்போக்கு, அது இப்ப வசவு ஆயிடுச்சு. வரி போடற பட்டா நிலக் கணக்குக்கு வெளில ஊருக்குன்னு விட்டு வச்சது புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, ரெவின்யூ ரெக்கார்ட்ல இன்னும் அப்படித்தான் இருக்கு. மாடு மேய, நெல்லு காய வைக்க, தண்ணி தேங்க. காசு குடுக்காத நிலம்னா உபயோகம் இல்லாத நிலம்னு நெனச்சு நெனச்சு, கடைசில உருப்படாத ஆள திட்டற வார்த்தை ஆச்சு. வார்த்தை கெட்ட மாதிரியே எடமும் கெட்டுச்சு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த வெறும் எடம்னு நெனச்சுத்தான் ரொம்ப வருஷம் குப்ப கொட்டினோம், கட்டடம் கட்டினோம், மழை பெஞ்சா தென் சென்னை தண்ணி போய் நிக்கற எடம் அது. 2022-ல அதுக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம், கெடச்சுது. ஒரு கட்டுரைல காமன்ஸ்னு வந்தா நான் பொதுவளம், இல்ல பொதுநிலம்னு எழுதறேன், நிலத்த பத்தியே பேசற எடம்னா தைரியமா புறம்போக்குன்னே எழுதறேன், வசவா இல்லாம அதோட சொந்த அர்த்தத்துல. நீங்களும் எழுதுங்க, நாலு பேர் எழுதினாத்தான் அந்த வார்த்தை திரும்பும்.

பசங்க ப்ராஜெக்டுக்கு விக்கிமீடியா காமன்ஸ்ல படம் எடுக்கறாங்க, அங்கயும் இதே கதைதான். அங்க நெறைய படம் கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற லைசென்ஸ்ல இருக்கும், அந்த லைசென்ஸ் 2002-ல வந்தது, காமன்ஸ்னு இருக்கறதால கேட்டு வாங்க வேண்டாம், ஆனா கண்டிஷன் இருக்கு. பிஒய்னு இருந்தா படத்த உருவாக்கினவர் பேர போடணும், எஸ்ஏ இருந்தா நீங்க அத மாத்தி செஞ்சதையும் அதே லைசென்ஸ்ல விடணும், என்சி இருந்தா வியாபாரத்துக்கு கூடாது, என்டி இருந்தா மாத்தி வெளியிடக்கூடாது. சார்ட்ல படத்த ஒட்டிட்டு கீழ சின்னதா பேரையும் லைசென்ஸையும் எழுதுங்க, அவ்ளோதான் வேலை.

அப்ப அந்த நோட்டீஸ்

செக்ரெட்டரி சார்கிட்ட போய் சொன்னேன், அவர் தப்பா எடுத்துக்கல, நீங்களே எழுதிக் குடுங்கம்மான்னு பேனாவ நீட்டினார். இங்கிலீஷ்ல "ப்ளீஸ் டு நாட் கீப் ஷூ ரேக்ஸ் இன் தி காமன் ஏரியா"ன்னு எழுதினேன். ஏரியாவ விடாதீங்க, விட்டா பழைய குழப்பம் திரும்ப வரும், தி-யையும் விடாதீங்க, அது கிராமர் தப்பு. கீழ தமிழ்ல, "படிக்கட்டும் நடையும் எட்டு வீட்டுக்கும் பொது. செருப்பு ஸ்டாண்ட அவங்கவங்க வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க. பெருக்கற முறை கீழ எழுதியிருக்கு"ன்னு போட்டு, எட்டு வீட்டு நம்பரையும் கிழமையையும் எழுதினேன். எட்டு வீடு ஏழு நாள்ங்கறதால ஞாயித்துக்கெழமை மட்டும் ரெண்டு வீடு. காமன் மீட்டர் பில்லையும் பக்கத்துலயே ஒட்டச் சொன்னேன், எங்கள மாதிரி லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேல போகாத, மூணு மாடிக்குள்ள இருக்கற பில்டிங்குக்கு 2023-ல கரன்ட் யூனிட்டுக்கு 5 ரூபா 50 காசா கொறச்சாங்க, அந்த கொறஞ்ச ரேட் வகைலதான் பில்லு வருதான்னு யாரும் பாக்கறதே இல்ல.

மூணாவது மாடி பொண்ணு வந்து படிச்சா. "இப்ப சரியா இருக்குக்கா, ஆனா எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கெழமை போட்டுட்டீங்களே"ன்னா. அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு சொல்லியிருக்கேன்.